ஒரு தட்டு பேரீச்சம்பழம்

...அந்தப் பேரீச்சம்பழத்தை மட்டும் எடுத்து வைக்காமல் இருந்திருந்தால், பாலில்லாத கட்டன் சாயாவோடு நிறுத்தியிருந்தால், இந்நேரம் காரியம் முடிந்திருக்கும், வருவாய் ஆய்வாளர் சுயம்பு ரெண்டு வரி எழுதிக்கொண்டு பைக்கில் ஏறிப் போயிருப்பார், ஜெபகுமாரியும் இந்த வேகாத வெயிலில் தக்கலை பஸ்ஸின் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பைத்தியக்காரி மாதிரி தனக்குள் முனகிக்கொண்டு வர வேண்டியிருக்காது. யார் கேட்டார்கள் பேரீச்சம்பழம்? ஆதரிக்க ஆளில்லை, முதியோர் உதவித்தொகை தாருங்கள் என்று மனு போட்டவள் லீமா ரோஸ், அந்த மனு உண்மைதானா என்று பார்க்கத்தான் ஆய்வாளர் வீட்டுக்கு வருகிறார், வருகிற அன்றைக்கா பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பூத்துணி விரித்து, கட்டிலில் புலிப்படம் போட்ட வளைகுடாக் கம்பளியை மடித்து வைத்து, அறை முழுக்க சென்ட் அடித்து, எவர்சில்வர் தட்டில் பேரீச்சம்பழமும் முந்திரியும் பரப்பி வைப்பாள் ஒருத்தி? கழுத்தில் சங்கிலி வேறு. பக்கத்து வீட்டு ரெஜிஷாவின் சங்கிலி, ரெஜிஷாவின் நாற்காலி, ரெஜிஷாவின் புருஷன் போன வாரம் லீவில் வந்தபோது கொண்டுவந்த பேரீச்சம்பழம், கம்பளி அதற்கும் அடுத்த வீட்டிலிருந்து... மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் அந்தக் கடற்கரைத் தெருவில் ஒரு வீட்டுக்கு விருந்தாளி வந்தால் தெருவே தூக்கிக் கொடுக்கும், பெண் பார்க்க வந்தாலும் சரி, பங்குச் சாமியார் வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்தாலும் சரி, அதை ஜெபகுமாரி முப்பது வருஷமாகப் பார்க்கிறாள், பார்த்து மெச்சியும் இருக்கிறாள், ஆனால் வறுமையை விசாரிக்க வருகிறவருக்கும் அதே உபசாரம் நடக்கும் என்று ஏன் தோன்றாமல் போயிற்று? சமூகப்பணியாளர் என்று சீல் வேறு வைத்திருக்கிறாளே, என்ன எளவைப் படித்துக் கிழித்தாள் அந்த எம்.எஸ்.டபிள்யூ.வில்?

கண்டக்டர் வந்தார். எங்கம்மா என்றார். தக்கலை என்றாள். முகத்தைப் பார்க்காமலே இலவச டிக்கெட்டைக் கிழித்து அவள் கையில் போட்டுவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார், ஏதோ அவர் சொந்தத் தோப்புத் தேங்காயைத் தூக்கிக் கொடுத்த மாதிரி. போகட்டும். முப்பது வருஷம் அடுத்தவர்களுக்குச் சலுகை வாங்கிக் கொடுத்தவளுக்கு அரசாங்கம் நேரடியாகக் கொடுத்திருக்கிற ஒரே சலுகை இதுதான், அதை ஏன் முறைத்துக்கொண்டு வாங்க வேண்டும்... போன வாரமே லீமாவிடம் படித்துப் படித்துச் சொன்னாளே, இருக்கது போல இருக்கணும் அக்கா, கூட்டவும் வேண்டாம் கொறைக்கவும் வேண்டாம், சாரு கேட்டா தலையைக் குனியாம, நேராப் பாத்து, என்னைப் பாக்க ஆளில்லைன்னு ஒத்த வாக்குல சொல்லணும். லீமாவும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். இந்தப் பாடத்தை எத்தனை பேருக்கு நடத்தியிருக்கிறாள் ஜெபகுமாரி, கீரிப்பாறையில் ரப்பர் மரத்துக்கும் மரத்துக்கும் குனிந்து நிமிர்ந்து இடுப்பு போனவர்களுக்கு, குளச்சலில் மீன் கூடை சுமந்து கழுத்து போனவர்களுக்கு, மகன் பக்கத்துல நிக்கும்போ எப்பிடி டீச்சரே சொல்லது என்று ஒருத்தி கேட்டபோது, அவனைக் கடைக்கு அனுப்பிட்டுச் சொல்லு என்று கூசாமல் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். உண்மையைத்தானே சொல்லச் சொன்னாள். பொய் சொல்லச் சொல்லவில்லையே. உண்மையை இப்படி ஒத்திகை பார்த்துச் சொல்லவேண்டிய ஊராகப் போய்விட்டதே, அதற்கு அவள் என்ன செய்வாள்?

சுயம்பு கெட்டவர் இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல், கெட்டவராக இருந்தால் திட்டித் தீர்த்துவிடலாம். ரேஷன் அரிசி எந்தக் கலத்தில் இருக்கிறது என்று பார்க்கவில்லை, பீரோவைத் திறக்கச் சொல்லவில்லை, நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "நல்ல பழமாட்டு இருக்கே, மகன் கொடுத்து விட்டதாம்மா?" என்று சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார். லீமாவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சம்... அறுபத்திரண்டு வயது, பத்து வருஷமாக இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவள், திடீரென்று நிமிர்ந்து, "பின்ன? எனக்க மவன் ஆன்ட்ரூஸ் பஹ்ரைன்ல இருந்து குடுத்து விட்டதாக்கும் சாரே. இன்னும் ரெண்டு எடும்" என்றாள். ஆன்ட்ரூஸ்! மூன்று வருஷமாக ஒரு கவர் கொடுத்து விடாதவன், அரபிக்காரனின் படகில் வலை இழுக்கப் போனவன், கரைக்கு வந்தால் பதினைந்து நாளைக்கு ஒரு தடவை போனில் கூப்பிடுவான், அவ்வளவுதான் அவனிடமிருந்து வருவது. ஜெபகுமாரி தொண்டையைச் செருமினாள், கண்ணைக் காட்டினாள், கடைசியில் வெட்கத்தை விட்டு, சார் அது பக்கத்து வீட்டுப் பழம் என்றும் சொல்லிப் பார்த்தாள், லீமா அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நடுச்சபையில் சேலையைப் பிடித்து இழுத்தவளைப் பார்க்கிற பார்வை. சுயம்புவின் பேனா அதற்குள் ஓடிவிட்டது.

வெளியே தென்னை மூட்டில் பைக்கைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "எனக்குத் தெரியாதா அக்கா, அந்த அம்மா கூரை இருக்க இருப்பைப் பாத்தாலே தெரியுமே. ஆனா அவங்க வாயாலே மகன் தாறான்னு சொல்லியாச்சு, நாளைக்கு ஆடிட்ல கேட்டா நான் என்னத்தச் சொல்லட்டு? நீங்க ஒண்ணு செய்யுங்க. மகன் பாக்கலன்னு தெளிவா ஒரு ரிப்போர்ட் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வச்சு ஆபீஸ்ல தாங்க. இன்னைக்கு அஞ்சு மணிக்கு பட்டியல் மேல போவும். இதை விட்டா..." இதை விட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, சொல்லாவிட்டாலும் தெரியாதா, நாளை வெள்ளிக்கிழமையோடு ஜெபகுமாரிக்கு வயது ஐம்பத்தெட்டு முடிகிறது, அவள் கையெழுத்துக்கும் சீலுக்கும் அன்றோடு மதிப்பு முடிகிறது, அவள் இடத்துக்கு ஆள் போடவில்லை, போடுவதாகப் பேச்சும் இல்லை. லீமா தெருமுனை வரைக்கும் நொண்டிக்கொண்டே கூட வந்தாள், வந்து கையைப் பிடித்தாள், மீன் வெட்டிய கை, பிடித்தால் விடாது. "எதை வேணும்னாலும் எழுது மக்கா. சோறில்லன்னு எழுது, கண்ணு தெரியலன்னு எழுது. எனக்க பிள்ளை என்னைப் பாக்கலன்னு மட்டும் எழுதாதே. அவன் கடல்ல கெடக்கவன். பெத்தவ வாயில அப்பிடி ஒரு சொல்லு விழப்பிடாது." நீங்க சொல்லாண்டாம் அக்கா, நான்தானே எழுதுகேன் என்றாள் ஜெபகுமாரி. "நீ எழுதினா நான் சொன்னதுதானே" என்றாள் லீமா. அதற்குள் பஸ் வந்துவிட்டது, அது ஒன்றுதான் கர்த்தர் செய்த உபகாரம்.

அதுவும் முழு உபகாரம் இல்லை. பஸ் நெருங்கி வரும்போது, கையில் ஒரு தாள் பொட்டலத்தைத் திணித்துக்கொண்டே கேட்டாளே லீமா, "உனக்கு பென்சன் உண்டுல்லா மக்கா?" என்று. உண்டு அக்கா, உண்டு, எனக்கென்ன கொறைச்சல் என்று சொல்லிவிட்டு ஏறினாள். ஏன் சொன்னாள் அப்படி? எவ்வளவு சுளுவாக வந்தது நாக்கில்... சரி, அவசரத்தில் சொன்னது, ஏறுகிற நேரத்தில் நின்று கதையா சொல்ல முடியும்? இல்லை அக்கா, எனக்குச் சம்பளம் என்றே ஒன்று கிடையாது, மதிப்பூதியம் என்று பெயர், மதிப்பு அவர்களிடம் இருக்கும், ஊதியம் எப்போதாவது வரும் என்று சொல்ல முடியுமா? முதலில் எழுத்தறிவுத் திட்டம், அது முடிந்தது, பிறகு சுனாமி வந்தது, மறுவாழ்வுத் திட்டம் என்று ஆள் எடுத்தார்கள், அந்த முகாமில்தான் லீமாவையே முதலில் பார்த்தாள், புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஒரு பையனை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தாள், மூன்று வருஷத்தில் திட்டம் முடிந்தது, பிறகு மகளிர் குழு, அது முடிந்தது, பிறகு எய்ட்ஸ் விழிப்புணர்வு, ஒக்கிப் புயல், முதியோர் நலம், ஒவ்வொன்றும் முடியும்போது அவள் சர்வீசும் முடிந்து, மறுநாள் புதிய ஆளாகச் சேர்ந்து, ஆகக் கூடி முப்பது வருஷமும் தனித்தனித் துண்டாக, தையல்கடை வெட்டுத்துணி மாதிரி, ஒரு சட்டைக்கும் சேராமல் கிடக்கிறது. சீட்டுக் கட்டிச் சேர்த்ததை மகன் டிஜோ நர்சிங் படிக்க எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை விழாவுக்குப் பொன்னாடை உண்டு. என்ன கலர் வேணும் அக்கா என்று ஆபீஸ் பிள்ளை ஜெப்சி காலையில் கேட்டாள். பொன்னாடையில் கலர் என்ன கலர்... போர்த்திக்கொண்டு சமைக்கவா முடியும்? சேவை, சேவை என்று மைக்கில் பத்துப் பேர் சொல்வார்கள், சேவை செய்கிறவளுக்கு வயிறு உண்டு என்று ஒருத்தருக்காவது ஓர்மை வருமா? ச்சே, என்ன பேச்சு இது. லீமாவின் காரியத்தைப் பார்க்க வேண்டும் முதலில்.

திங்கள்சந்தையில் பஸ் பத்து நிமிஷம் நிற்கும். டிரைவர் சாயா குடிக்க இறங்கினார். ஜெபகுமாரி பையிலிருந்து ஃபைலை எடுத்து மடியில் வைத்து, அதன்மேல் வெள்ளைத்தாளை வைத்தாள், இவ்வளவு நேரம் என்ன எழுதுவது என்று யோசித்தவளுக்குப் பேனாவைத் திறந்ததும் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, கை பழகின கை. மேற்படி லீமா ரோஸ் என்பவர் கணவரை இழந்தவர், இடுப்பு எலும்புத் தேய்மானத்தால் மீன் விற்கும் தொழிலைச் செய்ய இயலாதவர், இன்றைய விசாரணையின்போது வீட்டில் காணப்பட்ட பொருட்கள் யாவும் அயலாரிடமிருந்து இரவல் பெற்றவை... இதை லீமா படித்தால் உயிரையே விட்டுவிடுவாள், நல்லவேளை படிக்கத் தெரியாது. பிறகு அந்த வரி. பேனா கொஞ்சம் நின்றது. எழுதாமல் சுற்றி வளைத்துப் பார்க்கலாமா, மகனுக்கு வருமானம் நிலையில்லை என்று போடலாமா, போட்டால் சுயம்பு ஒத்துக்கொள்வாரா, ஆடிட் ஒத்துக்கொள்ளுமா, மகன் நல்லவன் ஆனால் அம்மா பட்டினி என்று எழுதினால் எந்த சர்க்கார் ஏற்கும்? ஒன்றில் மகன் கெட்டவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அம்மாவுக்குப் பசி இருக்கக் கூடாது, இரண்டில் ஒன்றைத் தொடு என்கிறது அரசாணை. கோபம் வந்தது ஜெபகுமாரிக்கு, அரசாணை மேல், சுயம்பு மேல், கம்பளி மேல், லீமா மேல், எல்லாவற்றுக்கும் மேலாக அந்த ஆன்ட்ரூஸ் மேல், முகாமில் மடியில் கிடந்த பையன், அவனுக்கு இவள் கையால் பால் பவுடர் கலக்கிக் கொடுத்திருக்கிறாள், பெற்றவளைத் திரும்பிப் பார்க்காமல் எப்படி இருக்கிறான், என்ன மனசு அது? அந்தக் கோபத்திலேயே எழுதிவிட்டாள். இவரது ஒரே மகன் ஆன்ட்ரூஸ் கடந்த மூன்று ஆண்டுகளாகத் தாயை ஆதரிக்கவில்லை. கையெழுத்து. பையிலிருந்த மைப்பெட்டியைத் திறந்து, சீலை ஓங்கி ஒரு குத்து. முன்சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள்.

இரணியல் தாண்டியதும் பசித்தது. லீமா கொடுத்த பொட்டலத்தை அவிழ்த்தால் உள்ளே அதே பேரீச்சம்பழம், தட்டில் மிச்சமிருந்ததை அப்படியே கட்டிக் கொடுத்திருக்கிறாள், ரெஜிஷாவிடம் திருப்பிக் கொடுப்பதாவது! சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, ஒரு பழத்தை எடுத்து வாயில் போடப் போனபோது போன் அடித்தது. டிஜோ. வியாழக்கிழமை ஏன் கூப்பிடுகிறான், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்துதானே கூப்பிடுவான், அயர்லாந்தில் இப்போது காலை ஆகியிருக்கும், ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டுமே ஆண்டவரே... "அம்மா, ஜெப்சி அக்கா வாட்ஸ்அப்புல போட்ட பேனரு கண்டேன். முப்பது வருசமா! நீ சொல்லவே இல்லியே." என்னத்தச் சொல்ல மோனே, நீ சுகமா இருக்கியா, பிள்ளைக்குச் சளி மாறிச்சா. "எல்லாரும் சுகம். அம்மா, நாங்க இன்னைக்கு வீட்டு லோனுக்குக் கையெழுத்துப் போடப் போறோம். இருவது வருசம் கட்டணும், நெருக்கமாட்டுதான் இருக்கும். எனக்க கூட வேலை பாக்க பயலுவளுக்கெல்லாம் ஊருல அம்மைக்கு அனுப்பணும், எனக்கு அந்தக் கவலை இல்லைன்னு நேத்து இவகிட்ட சொல்லிட்டிருந்தேன். பென்சன் பேப்பரெல்லாம் ஒழுங்காக் குடுத்துட்டியா? எப்பம் மொதல் வரும்?"

பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது. எங்கிருந்து வந்தது இவனுக்கு இந்தப் பென்சன்? வேறு எங்கிருந்து... அவள் வாயிலிருந்துதான். ஏழு வருஷத்துக்கு முன்னால், குலசேகரத்தில் அவள் வீட்டு முன்னறையில், பெண்வீட்டார் வந்து உட்கார்ந்திருந்த அன்று, பெண்ணின் சித்தப்பா சிரித்துக்கொண்டே கேட்டார், "அம்மைக்குப் பென்சன் உண்டாக்கும் இல்லியா?" என்று, கேட்பது வழக்கம்தானே, வருகிற மருமகளுக்கு மாமியார் பாரம் உண்டா இல்லையா என்று தெரிய வேண்டாமா, அந்த அறையில் அன்று புதுச் சோபா விரிப்பு, புதுக் கோப்பைகள், பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வைத்த ஃபேன்... உண்டு, சர்க்கார் வேலை மாதிரிதானே, அதெல்லாம் உண்டு என்றாள் ஜெபகுமாரி. டிஜோ வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது, இப்போதுதான் அது நிம்மதி என்று தெரிகிறது. அதன்பிறகு அவன் கேட்கவில்லை, அவள் திருத்தவில்லை, இன்றைக்கும் லீமாவிடம் அதே வேகத்தில், அதே குரலில்... "அம்மா? கேக்குதா?" கேட்குது மோனே. சொல்லிவிடு. பேங்குக்குப் போகும் முன்னால் சொல்லிவிடு, இப்போது சொல்லாமல் வேறு எப்போது, தலையைக் குனியாமல், ஒத்த வாக்கில், எனக்குப் பென்சன் கிடையாது டிஜோ, எனக்கு நீ வேணும், நூறு பேருக்குச் சொல்லிக் கொடுத்தாயே, பக்கத்தில் மகன் நின்றால் கடைக்கு அனுப்பிவிட்டுச் சொல் என்றாயே, மகனிடமே சொல்ல வேண்டியதை எங்கே அனுப்பிவிட்டுச் சொல்வது... "டிஜோ." "சொல்லும்மா." "நீ சாப்பிட்டியா?" "இல்லம்மா, நைட் டூட்டி முடிஞ்சு இப்பம்தான் வந்தேன்." "வெறும் வயித்தோட போவாதே, என்னமாவது தின்னுட்டுப் போ." சரிம்மா என்றான், வைத்துவிட்டான்.

தக்கலையில் இறங்கி தாலுகா ஆபீசுக்கு நடந்தாள். ஒன்றரை மணி. சமூகப் பாதுகாப்புப் பிரிவின் கம்பிக்கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார்கள். வேப்பமரத்தடியில் நின்று, ஃபைலைத் திறந்து, தாளை இன்னொரு தடவை வாசித்தாள். ஒரே மகன் ஆன்ட்ரூஸ் தாயை ஆதரிக்கவில்லை. மை காய்ந்து, சீல் பளிச்சென்று இருந்தது. யாராவது நாளைக்கு டிஜோவைப் பற்றி இப்படி ஒரு தாள் எழுதினால்... எழுதலாமே, எழுதினால் அதில் பொய் ஒன்றும் இருக்காதே, அவன் அனுப்பவில்லை, அது உண்மை. அவன் கெட்டவனா? அவனிடம் யார் சொன்னார்கள்? விண்ணப்பத்தில் எத்தனை கட்டம் இருக்கிறது, சாதி, வருமானம், ஆதார், மகன் இருக்கிறானா, தருகிறானா, எல்லாவற்றையும் முப்பது வருஷமாக நிரப்பியிருக்கிறாள், அம்மா கேட்டாளா என்று ஒரு கட்டம் கிடையாது, அவளும் ஒருத்தியிடமும் கேட்டதில்லை. சட்டென்று போனை எடுத்து லீமாவின் நம்பரைத் தட்டினாள். மூன்றாவது மணியில் எடுத்தாள் லீமா, பின்னால் கடல் கேட்டது.

"என்ன மக்கா, எழுதிக் குடுத்தாச்சா?"

"இல்ல. அக்கா, நான் ஒண்ணு கேக்கேன், உள்ளதைச் சொல்லணும். ஆன்ட்ரூஸ் போன்ல கூப்பிடுதானே... எனக்கு இஞ்ச கஷ்டம்தான், எனக்கு என்னமாவது வேணும்னு அவன்கிட்ட எப்பமாவது கேட்டியளா?"

ஜெபகுமாரி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"கேக்காம என்ன மக்கா" என்றாள் லீமா. "கூப்பிடுத போதெல்லாம் கேப்பேன். சாப்பிட்டியா மக்கான்னு."

உள்ளே யாரோ சாவிக்கொத்தோடு வந்து கம்பிக்கதவைத் திறந்தார்கள். வாங்க மேடம், ரிப்போர்ட்டா, குடுங்க என்று கையை நீட்டினார்கள்.